சென்சாவின் ஆறு சுவர்கள்

வராமல் போன ஒன்றுக்காக ஒருவர் பாடுபட்டுச் செய்த வேலைக்கு என்ன பெயர்? வீண்வேலை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த வேலையைச் செய்ததால்தான் அது வராமல் போனதோ என்று ஒருவன் கேட்டால், ஆம் என்று காட்டவும் வழியில்லை, இல்லை என்று காட்டவும் வழியில்லை. மால்டாவில் சிஜ்ஜியேவி ஊருக்குத் தெற்கே, மிஸ்ராஹ் என்ற நிலத்தில் பயிர் செய்துவந்த சென்சாவின் வாழ்க்கை இப்படி ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டே நடந்தது. அதை எடுத்துப் பார்த்தவன் அவள் கடைசித் தம்பி நார்டு. சென்சா பார்த்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு ஆடு கறக்க வேண்டும், அவரைக்குக் களை எடுக்க வேண்டும்.

அவளைப் பெரிய மனுஷி என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவும் காரணமில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாக்கு கொஞ்சம் கூர்மை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தின்போது தூங்குவாள். பிறர் கேட்காமல் எதையும் தரமாட்டாள், கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே தருவாள். ஒரு வேலையை அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. இதனால் வீட்டில் இருந்தவர்கள் நிறையவே கஷ்டப்பட்டார்கள்.

மிஸ்ராஹ் ஒரு காலத்தில் ஏழு துண்டாக இருந்தது. எங்கள் தீவில் எல்லா நிலமும் அப்படித்தான். அப்பன் செத்தால் பிள்ளைகள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். ஆளுக்கொரு துண்டு, துண்டுக்கொரு கல் சுவர். அடுத்த தலைமுறையில் துண்டு இன்னும் சிறுக்கும். சென்சாவின் அப்பா மிக்கீல் இதைத் தலைகீழாகச் செய்தார். கப்பல் பட்டறையில் உழைத்த காசில் ஒவ்வொரு துண்டாக வாங்கி, ஒவ்வொரு சுவராக இடித்தார். இருபத்தாறு வருஷம் ஆனது. இடித்த கல்லில் ஒரு பண்ணை வீட்டையும் தொட்டியையும் கட்டினார். கடைசியில் இருநூறு அடி எடுத்துவைத்தாலும் கால் தடுக்காத ஒரே நிலம் கிடைத்தது. 1938-இல் சாகும்போது மூத்தவளை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, "சீட்டு போட விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளும் விடவில்லை. நடுத்தம்பி விஸ்டின் கப்பல் பட்டறைத் தொழிலாளி. அவனுக்கு அவ்வளவாக ஆசையில்லை. ஆசை அவன் மனைவி ஃபிலுமேனாவுக்கு. மகன் சால்வுக்குக் கொடுக்க ஒரு துண்டாவது கையில் இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். தப்பான எண்ணமுமில்லை. நார்டு ஊர் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவன். இரண்டு பக்கமும் தலையாட்டுவான். நிலம் ஒன்றாக நின்றது சென்சாவின் பிடிவாதத்தினால் மட்டுமே.

போர் வந்தது. தீவு அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1941 மே மாதம் ஜெர்மானியர்கள் கிரீட் தீவில் வானத்திலிருந்து இறங்கி இரண்டு வாரத்துக்குள் அதைப் பிடித்துவிட்டார்கள். அடுத்தது நாம்தான் என்று மால்டாவில் பால்காரனுக்கும் தெரிந்தது. கோயில் மணிகள் நின்றன. இனி மணி அடித்தால் பாராசூட் இறங்குகிறது என்று அர்த்தம்.

அடுத்த வருஷம் மார்ச் ஆரம்பத்தில், கோதுமை முழங்கால் உயரம் நின்றபோது, ஓர் ஆங்கிலேயக் கேப்டன் மிஸ்ராஹுக்கு வந்தார். கூடவே நம்மூர்ப் படையைச் சேர்ந்த சார்ஜன்ட் ஸ்பீரு, மொழிபெயர்க்க. கேப்டன் நிலத்தின் ஒரு மூலையில் நின்று நீளமாக ஒரு பார்வை பார்த்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது என்று நார்டு பிற்பாடு சொல்வான்.

"அம்மா, ஜெர்மன்காரன் கிளைடர்ல வந்தா இங்கதான் எறங்குவான்னு கேப்டன் சொல்றாரு" என்றான் ஸ்பீரு.

"எதுக்கு? என் கோதுமையத் திங்கவா?"

"இன்ஜின் இல்லாத விமானம்மா அது. எறங்கி ஓடறதுக்கு நீளமா எடம் வேணும். இந்தத் தீவுல சுவரில்லாத நெலம் எத்தன இருக்கு? அதுல உங்களுது ஒண்ணு."

நார்டு சிரித்துவிட்டான். "அப்பாவத்தான் கேக்கணும் அக்கா. இருபத்தாறு வருஷம் வேலை செஞ்சு ஹிட்லருக்கு மைதானம் கட்டி வெச்சிருக்காரு."

"வாய மூடு."

கட்டளை இதுதான்: முப்பது அடிக்கு ஒரு கற்குவியல், இடுப்பு உயரம், நிலம் முழுக்க. இரண்டு வாரத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் சிப்பாய்கள் லாரியில் கல் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

சென்சா பயிரைப் பார்த்தாள். அந்த வருஷம் ரொட்டி அளந்து கொடுத்த வருஷம். "நெலத்துல குப்ப கொட்டற மாதிரி கல்லக் கொட்டினா ஏர் எங்க திரும்பும்? எலிதான் குடியிருக்கும். சுவரா கட்டினா ஒத்துக்குவாரா, கேளு."

ஸ்பீரு கேட்டான். கேப்டன் தோளைக் குலுக்கினார். சுவரோ குவியலோ, விமானம் மோதி உடைந்தால் போதும்.

எந்த இடத்தில் கட்டுவது என்று பேச்சே எழவில்லை. மிக்கீல் சுவர்களை எடுத்தாரே தவிர, மண்ணுக்கடியில் பாறைமேல் இருந்த அடிவரிசைக் கல்லை எடுக்கவில்லை. கடப்பாறையால் குத்தினால் டங்கென்று சத்தம் வந்தது. ஆறு சுவரும் இருந்த இடத்திலேயே எழும்ப வேண்டியதுதான். கல்லுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரியில் விழுந்த குண்டில் ஊருக்குள் விஸ்டினின் வீடு நொறுங்கியிருந்தது. அவர்கள் மூவரும் வேலைக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். இப்போது பண்ணை வீட்டில் சென்சாவோடுதான் இருந்தார்கள். சரிந்த வீட்டைக் கழுதை வண்டியில் ஏற்றி வந்து வயலில் இறக்கினார்கள்.

"மெதுவா. இது என் அடுப்படி ஜன்னல்" என்றாள் ஃபிலுமேனா, ஒரு நீளக் கல்லைத் தூக்கிக்கொண்டு.

"ஜன்னலா இருந்தா என்ன, வாசப்படியா இருந்தா என்ன. நல்ல நேர் விளிம்பு. மேல் வரிசைக்கு வை" என்றாள் சென்சா.

அந்தக் குடும்பம் செய்த தவறு அங்கேதான் தொடங்கியது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எதிரி வருவதற்குள் அவசரமாக ஒரு தடையைப் போடு என்றால், வேறு எந்த நாட்டுக்காரனும் கல்லை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இவர்கள் இரண்டு பக்கமும் முகக்கல் அடுக்கி, நடுவில் பொடிக்கல் நிரப்பி, உள்பக்கம் லேசாகச் சாய்த்து, மழைத் தண்ணீர் வடியத் துளை விட்டுக் கட்டினார்கள். விமானச் சத்தம் கேட்டால் பாறைக் குகைக்கு ஓடுவதும், சத்தம் ஓய்ந்ததும் வந்து விட்ட இடத்தில் தொடர்வதுமாக இருந்தார்கள். நார்டு ஒரு கல்லைக் கோணலாக வைத்தால் சென்சா எடுத்துத் திருப்பி வைப்பாள். அவன் அதே கல்லை நான்கு முறை வைத்த நாளும் உண்டு.

இரண்டு வாரம் கழித்துக் கேப்டன் வந்தார். இரண்டு சுவர்தான் முடிந்திருந்தது. அவர் முகம் சிவந்தது. நீளமாக ஏதோ சொன்னார். ஸ்பீரு பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னான்.

"தடை வேணும்னுதான் கேட்டாராம். கதீட்ரல் கேக்கலையாம்."

"வேற மாதிரி கட்டத் தெரியாதுன்னு சொல்லு."

கேப்டன் சுவரை உதைத்தார். வலித்தது அவருக்குத்தான். குனிந்து ஒரு கல்லைப் பிடுங்கப் பார்த்தார். அசையவில்லை. மறுநாள் எட்டு சிப்பாய்களை அனுப்பினார். கல் சுமக்க மட்டும். அடுக்க அவர்களைச் சென்சா விடவில்லை. ஏப்ரல் கடைசியில் ஆறாவது சுவரும் நின்றது.

அன்று மாலை ஃபிலுமேனா முதல் சுவர்மேல் உட்கார்ந்து நிலத்தை ஒருமுறை எண்ணினாள். "ஏழு துண்டு. பாத்தீங்களா அண்ணி, சீட்டுக்கூட வேண்டியதில்ல. ஆளுக்கு ரெண்டு, மிச்சம் ஒண்ணு கோயிலுக்கு."

சென்சா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "சண்ட முடியட்டும். முடிஞ்ச மறுநாள் இதுல ஒரு கல்லு நிக்காது."

"சுவர் உங்களுது. கல்லு என்னுது. அத மறந்துடாதீங்க."

விஸ்டின் இருமினான். நார்டு கிளாரினெட்டைத் துடைக்கப் போய்விட்டான். அந்த வீட்டில் அதற்குப்பின் இரண்டு போர்கள் நடந்தன. பெரியதற்காவது முடிவு தெரிந்துவிடும் என்று நார்டுக்கு நம்பிக்கை இருந்தது.

வானத்திலிருந்து மிஸ்ராஹில் இறங்கியவன் மொத்தத்தில் ஒருவன்தான். ஜூலை மாதம், முற்பகல். அவர்கள் கதிரடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே சத்தம், புகை. பிறகு ஒரு வெள்ளைக் குடை ஆடி ஆடி வந்தது. தொங்கியவன் மூன்றாவது சுவர்மேல் கால் வைத்து, சுவரோடு சரிந்து, அந்தப் பக்கம் விழுந்து கத்தினான். ஃபிலுமேனா மணியடிக்கச் சொல்ல ஊருக்குள் ஓடினாள். நார்டு வைக்கோல் அள்ளும் கவட்டையை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

விழுந்தவனின் உடுப்பு எண்ணெயும் கரியுமாக இருந்தது. எந்த நாட்டுக்காரன் என்று தெரியவில்லை. கைகளை உயர்த்தி ஏதோ சொன்னான்.

"இங்கிலீஷ் மாதிரிதான் இருக்கு" என்றான் நார்டு.

"ஜெர்மன்காரனுக்கும் இங்கிலீஷ் வரும். அருள் நிறைந்த மரியே மன்றாட்டு சொல்லச் சொல்லு" என்றாள் சென்சா.

நார்டு கைகூப்பிக் காட்டினான். தானே முதல் வரியை லத்தீனில் எடுத்துக்கொடுத்தான். விழுந்தவன் முழித்தான். இன்னொரு முறை எடுத்துக்கொடுத்தான். அவன் தெரியாது என்று தலையை ஆட்டினான்.

"தெரியல. அப்போ ஜெர்மன்காரன்தான்" என்றாள் சென்சா.

ஜெர்மனியில் ஊர் ஊராக அந்த மன்றாட்டை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும், இங்கிலாந்தில் அதை ஒருமுறைகூடக் கேட்காமல் கிழவனாகிறவர்கள் ஏராளம் என்பதும் அன்று அந்த வயலில் யாருக்கும் தெரியாது. மன்றாட்டுத் தெரிந்தவன் நம்மாள், தெரியாதவன் எதிரி. இதைவிட மோசமான அளவுகோல்களைப் படித்தவர்கள் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவனைக் காப்பாற்றியது அவன் கணுக்கால். எழுந்திருக்கப் பார்த்து, வலி தாங்காமல், அவன் ஒரு முழு வசவைத் தொடர்ச்சியாக விட்டான். களத்திலிருந்து ஓடிவந்த விஸ்டின் அதைக் கேட்டு அப்படியே நின்றான். முகம் மலர்ந்தது.

"கவட்டைய எறக்குடா. இது நம்மாளு."

"எப்படித் தெரியும்?"

"எங்க இங்கிலீஷ்கார ஃபோர்மன் தெனமும் காலைல இதத்தான் சொல்லுவாரு. வார்த்த பிசகல. வரிசகூட மாறல."

நார்டு கவட்டையை இறக்கினான். விமானி சிரித்தான், அழுதான், மறுபடி திட்டினான். விஸ்டின் பதிலுக்கு அடுத்த அடியைச் சொல்லிக்கொடுத்தான். இருவரும் கைகுலுக்கினார்கள்.

சென்சா முதலில் சுவரிடம் போனாள். மேல் வரிசையில் விழுந்திருந்த இரண்டு கல்லையும் எடுத்துப் பொருத்தி, கையால் ஆட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஆட்டுப்பாலும், தக்காளி விழுது தடவிய ஒரு துண்டு ரொட்டியும் கொண்டுவந்து விமானிக்குக் கொடுத்தாள். அந்த ரொட்டி அவளுடைய அன்றைய பங்கு. அவன் சாப்பிட்டு முடிக்கும்போது ஃபிலுமேனா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"பாதிரியாரு மணி அடிக்க மாட்டாராம். எத்தன பேர் எறங்கினாங்கன்னு கேட்டாரு. ஒருத்தன்னு சொன்னேன். ஒருத்தனுக்கெல்லாம் மணி கெடையாது, கொறஞ்சது பத்து பேராவது வேணும்னுட்டாரு."

அவ்வளவுதான் படையெடுப்பு. அந்தக் கோடை முழுக்க அவர்கள் கவட்டையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்கள். ஜெர்மானியரும் இத்தாலியரும் திட்டம் போட்டார்கள், ஆள் திரட்டினார்கள், கிளைடர் சேர்த்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. பிறகு கைவிட்டார்கள். இலையுதிர்காலம் வந்தது. கப்பல்கள் மாவு கொண்டுவந்தன.

அடுத்த ஜூலையில் கிளைடர்களை அவர்கள் பார்க்கவும் செய்தார்கள். நம்முடையவை. இருட்டத் தொடங்கும் நேரம், தெற்கிலிருந்து விமானங்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கடல்மேல் தாழப் போயின. சிசிலிக்கு. காற்று பலமாக அடித்தது. நார்டு தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அங்க எறங்கப் போறாங்க அக்கா."

"இந்தக் காத்துலயா? இந்தக் காத்துல நான் பட்டாணிகூடத் தூத்த மாட்டேன்."

நிறைய கிளைடர்கள் கடலில் விழுந்தன என்று சில வாரம் கழித்துக் கேள்விப்பட்டார்கள். சென்சா மண்வெட்டியை ஊன்றினாள். "யாராவது ஒருத்தர் காத்தப் பாத்திருக்கலாம்" என்றாள். பிறகு, சிசிலியில் கோதுமை வயல்கள் பெரிதா, சுவர் இருக்குமா என்று நார்டிடம் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

போர் முடிந்த மறுநாள் ஒரு கல்லும் அசையவில்லை. தடைகளை அகற்றிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் ஃபிலுமேனா குறுக்கே நின்றாள். இடித்தால் நோட்டரியிடம் போவேன், சட்டப்படி பாகம் கேட்பேன் என்றாள். சென்சா இடிக்கும் பேச்சையும் விடவில்லை, பாகத்துக்குச் சம்மதிக்கவும் இல்லை. மூன்று வருஷம் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் தனித்தனி சட்டியில் சமைத்தார்கள். முயல் கறி வைக்கும் நாளில் மட்டும் ஒரே சட்டி. முயல் ஒன்றுதான் இருக்கும் என்பதால்.

அந்தச் சண்டை தீர்ந்தது யாருடைய சாமர்த்தியத்தாலும் இல்லை. 1948 கோடையில் சால்வு ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப் பதிவு செய்துவிட்டான்.

"நெலம் வேண்டாமாடா?" என்று கேட்டாள் ஃபிலுமேனா.

"அங்க ஒருத்தனுக்கு நம்ம தீவளவு நெலம் இருக்காம்மா. இந்த ரெண்டு துண்டுல நான் என்ன பண்றது? படுத்தா கால் நீட்ட முடியாது."

அவள் ஒரு வாரம் அழுதாள். அவன் போன பிறகு, ஒரு சாயங்காலம், சென்சாவின் சட்டியில் தன் முட்டைக்கோஸையும் வெட்டிப் போட்டாள்.

"அண்ணி, பிரிச்சு யாருக்குக் குடுக்கப் போறோம்? இடிச்சுக்கங்க. ஒண்ணாவே இருக்கட்டும்."

"கல்லு உன்னுதாச்சே."

"எனக்கு எதுக்கு அந்தக் கல்லு. ரோடு போடறவனுக்குக் குடுத்துடுங்க."

சில நாளில் விஸ்டினும் நார்டும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். சென்சா இருக்கும்வரை மிஸ்ராஹ் பாகம் பிரியாது. பத்து வருஷமாக அவள் கேட்டது அதுதான். அது கிடைத்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் அவள் நார்டுக்கு ஒரு தேன் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள். அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவள் தானாக வாங்கிக் கொடுத்து அவன் தின்ற முதல் பலகாரம் என்பதால், அதன் ருசியைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்டோபரில் முதல் மழை பெய்து, மண் கடப்பாறைக்கு இளகிய ஒரு திங்கட்கிழமை காலை, வண்டிக்கார செப்பு இரண்டு வண்டியோடும் மூன்று ஆட்களோடும் வந்தான். விஸ்டின் விடுப்பு எடுத்திருந்தான். நார்டு கையுறை மாட்டியிருந்தான். ஃபிலுமேனா பெரிய பாத்திரத்தில் காபி போட்டிருந்தாள்.

"எந்தச் சுவர்லேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டான் செப்பு.

சென்சா முதல் சுவரோரம் நடக்கத் தொடங்கினாள். அது முடிந்ததும் திரும்பி இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. எங்கும் நிற்கவில்லை, எதையும் தொடவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு கல்கூட விலகியிருக்கவில்லை. நிலத்துக்குத் தண்ணீர் விட்டால் எப்படிப் போகுமோ, அந்த வேகத்தில் போனாள். ஆறாவதும் முடிந்து அவள் திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. ஆட்கள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள்.

"செப்பு, காபி குடிச்சுட்டுக் கெளம்பு. வேல இல்ல."

"என்னம்மா? அப்போ நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கும் இல்ல."

விஸ்டின் கடப்பாறையைக் கீழே போட்டான். "அக்கா! இதுக்குத்தானே இத்தன வருஷம் எங்க உயிர வாங்கின?"

"ஆமா."

"அப்புறம்?"

அவள் வானத்தைப் பார்த்தாள். மேகம் இல்லை. "அவரக்கொட்ட வெதைக்கணும். மூட்டைய எடுத்துட்டு வா" என்றாள்.

ஃபிலுமேனா எல்லோருக்கும் காபி ஊற்றினாள். செப்பு இரண்டு கோப்பை குடித்துவிட்டு, வெறும் வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனான். அதன்பின் இருபத்து மூன்று வருஷம் சென்சா அந்த நிலத்தை ஏழு துண்டாகவே உழுதாள். ஒவ்வொரு சுவரிலும் கோவேறு கழுதையைத் திருப்ப வேண்டும், ஒரே நாளில் முடிகிற உழவு மூன்று நாள் இழுக்கும். அவள் முகம் சுளித்ததில்லை. அடுத்த போருக்குப் பயந்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். ஃபிலுமேனாவின் வீட்டை இரண்டாம் முறை இடிக்க மனம் வரவில்லை என்று சிலர். சோம்பல் என்று செப்பு. நார்டு ஒரே ஒருமுறை, அவள் நல்ல மனநிலையில் இருந்த ஒரு நாள் பார்த்து, நேராகவே கேட்டான். சென்சா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான்காவது சுவரில் மழைக்குச் சரிந்திருந்த ஒரு கல்லை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் கோணலாக வைத்தான். அவள் அதை எடுத்துத் திருப்பி வைத்தாள்.